நாங்களே மூடிய முறையீடுகள்

பிள்ளைகளே, அப்பாவுக்கு என்ன வேலை என்று பள்ளிக்கூடத்தில் கேட்டதற்கு, "போனில ஏச்சு வாங்கிற வேலை" என்று சின்னவர் சொன்னாராம். ரீச்சர் சிரித்தாவாம். அது பிழை இல்லை. ஆனால் அந்த வேலைக்குள்ளே இன்னொரு வேலையும் இருக்கிறது. அதை நீங்கள் அறிய வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். நான் பத்தாம் வகுப்பு மட்டும் படித்தவன். அதுவும் இந்தியாவில், அகதி முகாமுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில். எழுத்து எங்காவது கோணினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மன்னார் பட்டினத்தில் ஒரு இரும்புக்கடையின் மேல்மாடியில் எங்கள் கந்தோர் இருப்பது உங்களுக்குத் தெரியும். பிரிட்ஜ், வொஷிங் மெஷின், மின்விசிறி விற்கிற ஒரு கம்பனிக்காக, நாடு முழுவதிலும் இருந்து தமிழில் வருகிற அழைப்புகளை நாங்கள் எடுக்கிறோம். ஒருவருக்குப் பிரிட்ஜ் குளிராது, இன்னொருவருக்கு மெஷின் சுற்றாது. நாங்கள் கேட்டு, ஆறுதல் சொல்லி, திருத்துகிறவரை அனுப்பிவைப்போம்.

இந்தக் கதையெல்லாம் பதிவாகும். சென்னையில் வேறொரு கூட்டம் இருந்து அந்தப் பதிவுகளைக் கேட்டு எங்களுக்குப் புள்ளி போடும். மரியாதையாகக் கதைத்தோமா, சரியாகப் பதில் சொன்னோமா என்று ஒவ்வொன்றுக்கும் புள்ளி. போட்ட புள்ளி பிழை என்று நினைத்தால் நாங்கள் முறையீடு செய்யலாம். கொம்பியூட்டரில் காரணத்தை எழுதி அனுப்பினால், அவர்கள் திரும்பவும் கேட்டுப் பார்க்க வேண்டும். ஏட்டில் அப்படித்தான் இருந்தது.

எனக்குப் பக்கத்துக் கதிரையில் இருப்பவள் சிலாவத்துறைப் பிள்ளை. விடிய வெள்ளாப்போடு பஸ் ஏறி வருவாள். என்னை அண்ணை என்பாள், நான் தங்கச்சி என்பேன். கோபத்தோடு வருகிற அழைப்புகளை அவளுக்குத் திருப்பிவிடுவது அங்கே வழக்கம், ஏனென்றால் கத்திக்கொண்டு தொடங்குகிறவர்கள் அவளோடு கதைத்து முடிக்கும்போது பெருநாளைக்கு வீட்டுக்கு வரச்சொல்லி வைப்பார்கள்.

ஒரு நாள் முகாமையாளர் என்னை உள்ளே கூப்பிட்டார். அவர் என்னை விட வயது குறைந்தவர், நல்ல மனிதர், ஆனால் கொம்பியூட்டர் சொல்வதற்கு மேலே ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்.

"அண்ணை, மாத முடிவோட அவவின்ர ஒப்பந்தம் முடியுது. புதுப்பிக்க ஏலாது."

"ஆருடைய?"

"உங்கட பக்கத்துக் கதிரை. 'வாடிக்கையாளரை மதிக்காமை' எண்டு கனக்க விழுந்திருக்கு. கடிதத்திலயும் அதைத்தான் எழுத வேணும்."

"தம்பி, பகிடி விடாதேங்கோ. அவவை விட மரியாதையாக் கதைக்கிற ஆள் இந்த மாடியில ஆர்?"

"எனக்குத் தெரியும் அண்ணை. இதுக்குத் தெரியாதே." கொம்பியூட்டரைக் காட்டினார். "ஒரு முறையீடாவது போட்டிருந்தா நான் கதைச்சுப் பாத்திருப்பன்."

"போட்டவ. எனக்கு முன்னாலதான் எழுதினவ."

"இஞ்ச பாருங்கோ. திறந்த முறையீடு ஒண்டும் இல்லை."

திரையைப் பார்த்தேன். உண்மையிலேயே ஒன்றும் இல்லை.

அந்த 'மதிக்காமை' எங்கிருந்து வந்தது என்று முதலில் சொல்லவேண்டும். அழைப்பின் நடுவில் பேசாமல் இருக்க நேர்ந்தால் ஹோல்ட் பட்டனை அமத்த வேண்டும் என்பது சட்டம். அமத்தினால் கம்பனியின் விளம்பரப் பாட்டு ஓடும், ஒரு பெண் சிரித்துச் சிரித்துப் பாடுவாள். பாட்டும் இல்லாமல், பேச்சும் இல்லாமல் இருந்தால், வாடிக்கையாளரை அந்தரத்தில் விட்டதாகக் கணக்கு.

எங்கள் பக்கத்தில் பாங்கு சொல்லும்போது கதையை நிறுத்துவது வழக்கம். மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரர் நாங்களும் பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் நின்றால் குரலைத் தணிப்போம். தங்கச்சியோ முழுவதும் நிறுத்திவிடுவாள். அவளோடு கதைக்கிற சோனக ஆக்களும் அப்படித்தான், தாங்களே பொறுக்கச் சொல்வார்கள். அந்த நேரத்தில் பாங்குக்கு மேலே விளம்பரப் பாட்டை ஓட விட அவளுக்குக் கை வராது. அதனால் பட்டனைத் தொடாமல் பேசாமல் இருப்பாள். சென்னையில் புள்ளி போடுகிறவர்கள் கையில் இருந்த தாளில் பாட்டு ஓடியதா, இல்லையா என்ற கேள்வி மட்டும்தான் இருந்தது.

மத்தியானம் சோற்றுப் பொதியை அவிழ்க்காமலே வைத்துக்கொண்டு அவள் சொன்னாள்:

"வேலை போனாப் பரவாயில்ல அண்ணை. வேற தேடலாம். வாப்பாக்கிட்ட என்னத்தச் சொல்றது? ஆக்கள மதிக்காமக் கதைச்சாள், அதால நிப்பாட்டினம் எண்டு கடிதம் வந்தா?"

அவளுடைய வாப்பா புத்தளத்தில் அகதியாக இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். கொஞ்சம் வயல், கொஞ்சம் கடல் என்று சீவிக்கிறவர். பொம்பிளைப் பிள்ளையைப் பட்டினத்துக்கு அனுப்புகிறார் என்று ஊரில் கதை வந்தபோது, "எண்ட மகள் மரியாதை தெரிஞ்சவள்" என்ற ஒரே பதிலைச் சொல்லி எல்லாருடைய வாயையும் அடைத்தவர். இப்போது அந்த ஒரே பதிலைத்தான் கடிதம் பொய்யாக்கப் பார்த்தது.

"சாப்பிடுங்கோ. போட்டது எங்கயோ இருக்கத்தானே வேணும். தேடி எடுப்பம்" என்றேன்.

வாயால் சொல்வது சுகம். எப்படி எடுப்பது? முன்பு வேலை செய்து விலகிப்போன ஒரு தம்பி விட்டுச்சென்ற கருவி ஒன்று ஒரு கொம்பியூட்டரில் இருந்தது. அதை ஏபிஐ கருவி என்று சொல்லுவார்கள். அது என்னவென்று உங்களுக்கு விளங்கிற மாதிரிச் சொல்லுகிறேன். அரசாங்கக் கச்சேரியில் ஜன்னல் ஒன்று இருக்கும். உள்ளே போக விடமாட்டார்கள். வெளியே நின்று, அவர்கள் கேட்கிற முறையில் சரியாகக் கேட்டால், கோவையை எடுத்து ஜன்னலால் நீட்டுவார்கள். கேட்டதற்கு மட்டும்தான் பதில், கேளாத ஒன்றைத் தாங்களாகச் சொல்ல மாட்டார்கள். ஏபிஐ என்பதும் அந்த ஜன்னல்தான். உள்ளே முறையீடு எல்லாம் இருக்கிறது. வெளியே நான்.

முகாமையாளரிடம் அனுமதி கேட்டேன். "உங்களுக்கேன் அண்ணை இந்தத் தலையிடி?" என்றார். பிறகு, "சரி, உடைச்சுப் போடாதேங்கோ" என்றார்.

முதல் தரம் கேட்டதற்கு 401 என்று வந்தது. உதவிப் பக்கத்தைப் பார்த்தால், அதற்கு அர்த்தம் 'நீ யார்?' கருவியில் இருந்த திறப்பு, அதாவது கடவுச்சொல் மாதிரி ஒன்று, விலகிப்போன தம்பியுடையது, காலாவதி. புதுத் திறப்பு கேட்டுக் கம்பனிக்கு எழுதினேன். வந்தது. போட்டேன். இப்போது 403. 'நீ யாரென்று தெரியும், ஆனாலும் விடமாட்டேன்.' எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் வயதுக்காரர் எத்தனை சோதனைச்சாவடிகளில் இந்த இரண்டையும் கேட்டிருப்போம்! அங்கே அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு நின்றவனுக்கு இங்கே நிற்பது பெரிய காரியமா? என் பெயருக்கு முறையீடுகளைப் பார்க்கும் உரிமை தரச்சொல்லித் திரும்பவும் எழுதினேன். பதில் வரவில்லை, மறுபடியும் எழுதினேன். முகாமையாளரைக் கொண்டும் எழுதுவித்தேன். தந்தார்கள்.

ஜன்னல் திறந்தது. கேட்டேன். வந்தது ஒரு வெறும் அடைப்புக்குறி. நடுவில் ஒன்றும் இல்லை. 401-ஐயும் 403-ஐயும் விட அதுதான் என்னைச் சோர வைத்தது. அது மறுக்கவில்லை, திட்டவில்லை. பணிவாக 'இல்லை' என்றது.

தங்கச்சி பின்னால் நின்று பார்த்தாள். "நான் பொய்யா சொன்னன் அண்ணை?" என்றாள்.

"இல்லை. நான் கேக்கிற முறைதான் பிழை போல."

உதவிப் பக்கம் முழுவதும் ஆங்கிலம். கைப்பேசி அகராதியை வைத்துக்கொண்டு, அழைப்புகள் குறைகிற நேரங்களில், ஒரு வரி ஒரு வரியாக வாசித்தேன். வாசிக்க வாசிக்க ஒன்று தட்டுப்பட்டது. முறையீட்டுக்கு 'நிலை' என்று ஒன்று உண்டு. திறந்தது, மூடியது, மாற்றப்பட்டது என்று. எந்த நிலை என்று குறிப்பிட்டால் அது மட்டும் வரும். ஒன்றும் குறிப்பிடாவிட்டால் எல்லாம் வரும். கருவியின் வரியைப் பார்த்தால், விலகிப்போன தம்பி 'திறந்தவை' என்று எழுதியே வைத்துவிட்டுப் போயிருந்தார். முகாமையாளரின் திரையும் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

அந்த ஒரு சொல்லை அழித்துவிட்டுக் கேட்டேன்.

வந்தது, பிள்ளைகளே! ஒரு பக்கம் நிறைய வந்தது. அடியில் 'அடுத்த பக்கம் உண்டு' என்று இருந்தது. அதையும் கேட்டேன், அதற்கு அடுத்ததையும் கேட்டேன். தங்கச்சியின் முறையீடுகள் ஒவ்வொன்றாக, அவள் எழுதிய சொல்லோடேயே வந்தன. 'லுஹர் பாங்கு. அழைத்த உம்மா பொறுக்கச் சொன்னார். பாட்டுப் போட ஏலாது.' 'அஸர் பாங்கு. இருவரும் பேசாமல் இருந்தோம்.' எல்லாவற்றுக்கும் நிலை: மூடியது. மூடியவர் என்ற இடத்தில் ஒரு இலக்கம். அது அவளுடைய சொந்த இலக்கம்.

"அல்லாவே! நான் மூடல்ல அண்ணை. நான் ஏன் மூடப்போறன்?"

"முறையீடு போட்ட பிறகு என்ன நடக்கும்? அதை முதல்ல சொல்லுங்கோ."

"மஞ்சப் பெட்டி ஒண்டு வரும். அவங்கட குறிப்பு இருக்கும். கீழ ரெண்டு பட்டன்."

"எதை அமத்தினனீங்கள்?"

"முதலாவத. கிடைச்சிற்று எண்டு."

அப்போது மாடியில் இருந்த எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். "நாங்களும் அதைத்தானே அமத்திறனாங்கள்" என்று ஒருவர் சொன்னார். முதல் பட்டனின் முழு வாசகத்தைத் தேடிப் பார்த்தோம். 'குறிப்பை ஏற்று, முறையீட்டை முடிக்கிறேன்.' இரண்டாவது, 'மேல்பரிசீலனைக்கு அனுப்பு.' அந்த இரண்டாவதை மன்னாரில் ஒரு கையும் தொட்டதில்லை.

ஏன் என்று யோசித்தால் விளங்கும். நாங்கள் நீட்டின தாளில் கையெழுத்துப் போட்டுப் பழகின சனம். முகாமில் அரிசிக்குக் கையெழுத்து, ஊருக்குத் திரும்பி வந்து இறங்கினபோது பதிவுக்குக் கையெழுத்து, கூரைத் தகரத்துக்குக் கையெழுத்து, கிணறு இறைத்ததற்கும் கையெழுத்து. வாசித்துக்கொண்டு நின்றால் பின்னால் வரிசை ஏசும். பெரிய இடத்தில் இருந்து ஒன்று வந்தால், 'கிடைத்தது' என்று ஒப்பம் வைப்பதுதான் மரியாதை என்று கைக்கே தெரியும். அந்தப் பழக்கத்தில் மஞ்சள் பெட்டிக்கும் ஒப்பம் வைத்துவிட்டோம். பக்கங்களைப் புரட்டும்போது என்னுடைய இலக்கமும் வந்தது. பெரிய வெள்ளியன்று பேசாலைப் பக்கத்து அம்மா ஒருவர், "தம்பி, இண்டைக்குப் பாட்டொண்டும் போட்டிடாதேங்கோ" என்று சொன்ன அழைப்பு. அதற்கு நானும் முறையீடு போட்டு, நானே மூடியும் வைத்திருந்தேன்.

கருவியால் எடுக்கத்தான் முடியும், திறக்க முடியாது. திறக்கிற அதிகாரம் சென்னையில். முகாமையாளர் ஒழுங்கு செய்து, புள்ளி போடும் பகுதியில் இருந்து ஒரு பெண் எனக்குப் போன் எடுத்தா.

"சொல்லுங்க சார். கேஸை உங்க ஆளுங்கதானே குளோஸ் பண்ணாங்க? இப்ப ஓப்பன் பண்ணுன்னா எப்படி சார்?"

"அம்மா, கெடச்சிருச்சுன்னு நெனச்சுத்தான் அமுக்கிட்டாங்க. ஒத்துக்கிட்டு இல்ல."

"நீங்க ராமநாதபுரம் பக்கமா சார்?"

"மன்னார்தாம்மா. வளந்தது அங்க முகாம்ல."

பக்கத்தில் தங்கச்சி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். என் வாயில் அந்தப் பேச்சை அவள் அதற்கு முன் கேட்டதில்லை.

"சார், பாங்குன்னா எனக்குத் தெரியாதா? எங்க தெருவுலயே பள்ளிவாசல் இருக்கு. ஆனா என் ஷீட்ல அதுக்கு இடம் இல்ல சார். பாட்டு ஓடுச்சா, இல்லையா, அவ்வளவுதான். நான் என்ன பண்ண?"

"ஒங்க மேல குத்தம் சொல்லலம்மா. அந்தப் பொண்ணு பேரு கெட்டுப் போகுது. வழி இருந்தா சொல்லுங்க."

"மொத்தமா அனுப்பாதீங்க. மொத்தமா வந்தா மேல அப்படியே தள்ளிருவாங்க. ஒவ்வொண்ணா அனுப்புங்க. பாங்கு எந்த இடத்துல ஆரம்பிக்குது, பொறுக்கச் சொன்னது யாரு, முடிஞ்சதும் கஸ்டமர் என்ன சொன்னாங்க, எல்லாம் எழுதுங்க. அப்ப நான் திறக்கச் சொல்லி சிபாரிசு பண்றேன்."

மாத முடிவு கிட்ட வந்துகொண்டிருந்தது. அந்த நாட்களில்தான் நான் ஹெட்போனும் கையுமாக இருந்தது. உங்களோடு கடற்கரைக்கு வரவில்லை என்று கோபித்தீர்களே, அது இதற்காகத்தான். எடுத்த ஒவ்வொரு முறையீட்டிலும் அழைப்பின் இலக்கம் இருந்தது. அதைக்கொண்டு பதிவை எடுத்து, கேட்டு, நிறுத்தி, எழுதி, திரும்பவும் கேட்டேன்.

அந்தப் பதிவுகளில் நான் கேட்டது மறக்காது. காத்தான்குடி உம்மா ஒருவர் பிரிட்ஜ் பற்றிச் சொல்லிக்கொண்டிருப்பார். நடுவில், "புள்ள, பாங்கு சொல்லுது, இரு." தங்கச்சி, "ஓம் உம்மா, இருக்கிறன்." பிறகு தூரத்தில் பாங்கு, மின்விசிறிச் சத்தம், இரண்டு பேரின் மூச்சு. பாங்கு முடிந்து உம்மாவின் முணுமுணுப்பும் முடிந்த பிறகு, "ம், இனிச் சொல்லு. இந்தப் பிரிட்ஜ் ஏன் புள்ள இப்புடி அழுவுது? கீழ எல்லாம் தண்ணி." தங்கச்சி சிரித்துவிட்டு, "அழ விடாதீங்க உம்மா, நாளைக்கு ஆள் வருவார்." கடைசியில் அந்த உம்மா அவள் நல்லா இருக்க வேண்டுமென்று துஆ செய்துவிட்டுத்தான் போனை வைக்கிறார். மதிக்காமை என்று புள்ளி வெட்டப்பட்ட அழைப்பு அது.

நான் ஒன்றையும் கூட்டி எழுதவில்லை. கேட்டதைக் கேட்டபடி எழுதி, ஒவ்வொன்றாக அனுப்பினேன். என்னுடைய பெரிய வெள்ளியையும் அனுப்பினேன். மற்றவர்களும் தங்கள் தங்கள் பங்கை எழுதினார்கள்.

முடிவு கடிதமாக வராது. கருவியிடம்தான் கேட்க வேண்டும். காலையில் போனதும் முதல் வேலை அதுதான். மூடியது, மூடியது, மூடியது என்றே வந்துகொண்டிருந்தது. "விடுங்கோ அண்ணை" என்று தங்கச்சியே சொன்னாள். "நீங்கள் உங்கட அழைப்பை எடுங்கோ, நான் என்ர வேலையைப் பாக்கிறன்" என்றேன். ஒரு காலையில் முதல் வரியில் 'மீளத் திறந்தது' என்று இருந்தது. என் கண்ணை நம்பாமல் முகாமையாளரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் தன் திரையிலும் கேட்டுப் பார்த்தார். அங்கேயும் இப்போது வந்தது. "இனி நான் கதைக்கிறன் அண்ணை" என்று சொல்லி, அங்கேயே நின்று மேலிடத்துக்குப் போன் எடுத்தார்.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக மாறின. 'மாற்றப்பட்டது' என்று வர வர, அவளுடைய பெயருக்குப் பக்கத்தில் இருந்த 'மதிக்காமை' உரிந்துகொண்டு போனது. ஒன்று மட்டும் மாறவில்லை. மலைநாட்டு அட்டனில் இருந்து ஒரு அம்மா எடுத்த அழைப்பு. சென்னைப் பெண்ணின் குறிப்பு அதில் இருந்தது: பாங்கு எங்கள் பக்கத்தில் மட்டும் கேட்டது, அந்த அம்மாவுக்கு அது என்னவென்று தெரியாது, யாரும் சொல்லவும் இல்லை, 'ஹலோ, ஹலோ' என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

நான் அதற்கும் எதிர்த்து எழுதத் தயாரானேன். தங்கச்சி பதிவைத் தான் ஒருக்கால் கேட்க வேண்டும் என்றாள். கேட்டாள். ஹெட்போனைக் கழற்றி வைத்தாள்.

"இத விடுங்க அண்ணை. அவ எழுதினது சரிதான். அந்த அம்மா பாவம், லைன் அறுந்து போச்செண்டு நினைச்சிருப்பா. நான் சொல்லியிருக்க வேணும்."

"இதையும் மாத்தினால் இன்னும் நல்லம் தானே?"

"சரியான புள்ளிய ஏன் மாத்திறது?" என்றாள். அந்த ஒன்றுக்கு மட்டும் அவளே வாசித்து, யோசித்து, ஏற்றுக்கொண்டாள்.

ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. வாப்பாவுக்கு அவள் என்ன சொன்னாள் என்று கேட்டேன். "ஒண்டும் சொல்லல்ல. சொல்ற மாதிரி ஒண்டும் நடக்கல்லயே" என்றாள். பாட்டு இல்லாத ஹோல்ட் ஒன்று வைத்துத் தாருங்கள் என்று கம்பனிக்கு எழுதியிருக்கிறோம். இன்னும் தரவில்லை. நானும் விடவில்லை. கிழமைக்கு ஒருக்கால் முறையீடுகளை எடுக்கும்போது, அதையும் சேர்த்துக் கேட்டு எழுதுகிறேன்.

போன கிழமை மத்தியானம் தங்கச்சி மலைநாட்டு அம்மா ஒருவரோடு கதைத்துக்கொண்டிருந்தாள். வெளியே பாங்கு தொடங்கியது. அவள் பதறாமல் சொன்னாள்:

"அம்மா, இங்க எங்கட பள்ளியில பாங்கு சொல்லுது. முடியுமட்டும் நான் பேசாம இருக்கலாமா? லைன்லதான் இருப்பன்."

பக்கத்தில் இருந்த எனக்கே அந்த அம்மாவின் குரல் கேட்டது.

"தாராளமா சொல்லட்டும் புள்ள. நானும் அடுப்ப பாத்துட்டு வந்துர்றேன்."